வயிற்றுப்போக்கும் தொக்கம் எடுத்தலும்

நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு நாலு தரம் தண்ணீராய்ப் பேதியாகி, இரண்டு தரம் வாந்தியும் எடுத்துவிட்டால் அந்த வீட்டில் நடக்கின்ற காரியங்கள் இன்னவை என்பது தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியேயாகும். முதலாவது, "குடிக்கக் குடிக்கத்தானே போகிறது" என்று சொல்லித் தண்ணீரை நிறுத்துவார்கள். இரண்டாவது, "வயிறு காயட்டும்" என்று சோற்றையும், சில வீடுகளில் தாய்ப்பாலையுங்கூட நிறுத்துவார்கள். மூன்றாவது, உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுக் கண்ணேறு கழிப்பார்கள். நாலாவது, தொக்கம் எடுக்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போவார்கள். ஐந்தாவதாகத்தான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அந்த ஐந்தாவது காரியத்திற்கு வருவதற்குள் குழந்தையின் கண் குழிந்து, நாக்கு உலர்ந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலைக்கு அது வந்துவிட்டிருக்கும்.

இந்தக் காரியங்களில் முதல் இரண்டும் தெரியாமல் செய்கின்ற கொலைக்குச் சமானம் என்றும், மூன்றாவது வீண் என்றும், நாலாவது சுத்தப் புரட்டு என்றும் நாம் சொல்லுகின்றோம். மூன்றாவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடுப்பிலே போட்டு வெடிக்க வைக்கின்ற அந்த உப்புத்தான் அந்த நேரத்தில் குழந்தையின் உடம்பைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிற பொருள். உள்ளே போகவேண்டியதை நெருப்பிலே போட்டுவிட்டுக் கண்ணேறு கழிந்ததா இல்லையா என்று வாசனை பார்க்கின்றோம்!

உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் எடுத்திருக்கிற கணக்குப்படி இன்றைக்கும் வருஷத்திற்கு நாலு லட்சத்துக்கு மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கினால் சாகின்றன. இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தடுப்பதற்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2019 முதல் 2021 வரை இந்திய சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பேதி கண்ட 100 குழந்தைகளில் சுமார் 60 குழந்தைகளுக்கே உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைத்ததாகத் தெரிகின்றது. மீதி 40 குழந்தைகளின் பெற்றோர்கள் பிள்ளைமேல் பிரியம் இல்லாதவர்களா? ஒருக்காலும் அல்ல. பிரியத்தினாலேயே தண்ணீரை நிறுத்துகிறார்கள். பிரியத்தினாலேயே தொக்கக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆகையால் இது அன்பின் குறைவல்ல, அறிவின் குறைவு என்பதே நம் அபிப்பிராயமாகும்.

முதலில் தொக்கத்தை எடுத்துக்கொள்ளுவோம். குழந்தை தின்ற இட்டிலியோ, கறித்துண்டோ, முறுக்கோ வயிற்றில் ஓரிடத்தில் "தொக்கி" நின்றுவிட்டதாம். அதனால்தான் வாந்தியும் பேதியும் காய்ச்சலும் வருகின்றனவாம். தொக்கம் எடுக்கிறவர் குழந்தையின் வயிற்றை நீவி விட்டு, ஒரு குழலை வைத்தோ, வாயை வைத்தோ ஊதி உறிஞ்சி, கடைசியில் தன் வாயிலிருந்து ஒரு துண்டை உள்ளங்கையில் துப்பிக் காட்டுவார். "இதோ பார், போன மாதம் தின்றது" என்பார். பெற்றவள் கும்பிட்டுவிட்டுக் காசு கொடுப்பாள்.

போன மாதம் தின்றது இந்த மாதம் முழுசாய் வருமா என்று அந்தத் தாய் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். சோற்றைச் சட்டியில் போட்டு ஒரு நாள் விட்டால் புளிக்கிறது, இரண்டு நாளில் ஊசிப்போகிறது. வெளியிலே அப்படியானால், புளிப்பு நீர் சுரந்து ஓயாமல் பிசைந்துகொண்டேயிருக்கிற இரைப்பைக்குள் இட்டிலி ஒரு மாதம் இட்டிலியாகவே உட்கார்ந்திருக்குமா? நாம் விழுங்குகிற கவளம் உணவுக்குழாயைக் கடந்து இரைப்பைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகளே ஆகும். இரைப்பையில் சாதாரணமாக இரண்டு முதல் நாலு மணி நேரம் கூழாகிப் பிறகு சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்கிவிடும். தொண்டையில் உண்மையாகவே ஒன்று சிக்கிக்கொண்டால் குழந்தை தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடும். காசையோ, கடிகாரத்தில் போடுகிற பொத்தான் பாட்டரியையோ குழந்தை விழுங்கிவிட்டதென்று சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம். அந்தப் பாட்டரி இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது. அதற்கு ஊதுகிறவர் உதவமாட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும்.

அன்றியும், வயிற்றின்மேல் குழலை வைத்து உறிஞ்சினால் தோல், சதை, குடற்சுவர் இத்தனையையும் துளைத்துக்கொண்டு, ஒரு சொட்டு இரத்தமுமில்லாமல், கறித்துண்டு குழலுக்குள் வருவது எப்படி? வருவது குழந்தையின் வயிற்றிலிருந்து அல்ல. எடுக்கிறவரின் கன்னத்து ஓரத்திலிருந்து. இதைச் சோதிப்பதற்குப் பெரிய சாஸ்திரமும் வேண்டியதில்லை. தொக்கம் எடுக்கிறவரை முன்னதாக நாலு பேர் எதிரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி, வாயைத் திறக்கச் செய்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கையையும் குழலையும் துணியையும் சோதித்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். அல்லது, சுகமாயிருக்கிற ஒரு பெரிய ஆள் பீட்ரூட் துண்டை அவருக்குத் தெரியாமல் தின்றுவிட்டுப் போய் உட்காரட்டும். அரை மணிக்குள் எடுக்கிறவர் எடுத்துக் கொடுப்பது பீட்ரூட்டா, அவர் வழக்கமாய் எடுக்கிற அதே துண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். இளைஞர்கள் தங்கள் தங்கள் ஊரில் இதைச் செய்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். நோயாளிக் குழந்தையை மாத்திரம் இந்தச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

"அதெல்லாம் சரி, எடுத்த மறுநாள் என் பிள்ளைக்குச் சரியாகிவிட்டதே" என்று சிலர் சொல்லுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. குழந்தைகளுக்கு வருகிற பேதியில் பெரும்பாலானது நாலைந்து நாளில், அதிகமானால் ஒரு வாரத்தில், தானே நின்றுவிடுகிற பேதி. வந்த மூன்றாம் நாள் தொக்கம் எடுத்தால் நாலாம் நாள் நின்றதற்குத் தொக்கக்காரர் காரணம் ஆகிவிடுகிறார். நிற்காமல் செத்துப்போன குழந்தைக்கு மாத்திரம் "வேளை வந்துவிட்டது" என்று பெயர். பிழைத்தது தன் கணக்கு, செத்தது விதியின் கணக்கு என்று எழுதி வைக்கிற வியாபாரத்தில் நஷ்டம் ஏது? பல் முளைக்கிறபோது வருகிற பேதி என்று விட்டுவிடுகிறார்களே, அதுவும் இத்தகையதேயாகும். அந்த வயதில் குழந்தை தவழ்ந்து கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு வேறு உணவும் தண்ணீரும் உள்ளே போகத் தொடங்குகின்றன. பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையையும் பாத்திரத்தையும் கழுவாமல் விட்டுவிடுகின்றோம்.

இதே தொழிலின் இன்னொரு கிளைதான் "இடுமருந்து" எடுப்பது. பெரியவர் ஒருவருக்கு வெகுநாளாய்ச் செரியாமை, வயிற்றுவலி, உடம்பு இளைப்பு என்றிருந்தால், யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, வாந்தி எடுக்க வைத்து, அதில் மயிரும் உருண்டையும் வந்ததாகக் காட்டுவார்கள். தொக்கத்தில் பழி இட்டிலியின் மேல் போகிறது. இடுமருந்திலோ அது ஒரு மனுஷியின் மேல் போகிறது. பெரும்பாலும் அவள் மருமகளாயிருப்பாள், அல்லது புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணாயிருப்பாள், அல்லது கீழ்ச்சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டவளாயிருப்பாள். குடற்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி முக்கிய காரணம் என்பதை 1980-களில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இரு வைத்தியர்கள் காட்டி, 2005-ல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார்கள். இன்னும் நம் ஊரில் அந்தக் கிருமி செய்த குற்றத்திற்கு மருமகள் அடிபடுகிறாள் என்றால் அதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது?

நிற்க. வயிற்றுக்குள் நடப்பதை நீங்கள் மாத்திரம் கண்டீர்களா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கண்ணாலேயே கண்டவர் ஒருவர் உண்டு. 1822-ம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் மேக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்கிற ஒரு கூலியாளின் விலாவில் துப்பாக்கி தவறி வெடித்துப் பெரிய காயம் உண்டாயிற்று. வில்லியம் பியூமான்ட் என்கிற ராணுவ வைத்தியர் அவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பைக்கும் வெளிக்கும் இடையிலான ஓட்டை மூடவேயில்லை. அந்த ஜன்னல் வழியாக 1825 முதல் பியூமான்ட் பார்க்கத் தொடங்கினார். மாட்டுக்கறி, பன்றிக்கறி, ரொட்டி, கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் கோசும், ரொட்டியும், வெந்த கறியும் கரைந்து நூல் மாத்திரம் வந்தது. இரைப்பைநீரை வெளியே எடுத்துக் குப்பியில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். குப்பிக்குள்ளும் கறி கரைந்தது. வயிற்றில் எரிகிற அக்கினி தேவனும் இல்லை, பூதமும் இல்லை, ஒரு நீர்தான் வேலை செய்கிறதென்பது அதனால் வெளியாயிற்று. அந்த ஏழைக் கூலியாளைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிச் சோதனைச் சாமானைப் போல் வைத்துக்கொண்டது யோக்கியமான காரியமல்ல என்பதையும் நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி 1833-ல் புத்தகமாய்ப் போட்டார். சந்தேகப்படுகிறவன் தானும் சோதித்துக்கொள்ளலாம். தொக்கக்காரர் தன் வாயையே திறந்து காட்டமாட்டார்.

இரைப்பைக்கு அப்பால்தான் பெரிய வேலை நடக்கிறது. ஆறு, ஏழு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாயல்ல. பூந்துவாலையைப் போல் கண்ணுக்குத் தெரியாத சிறு விரல்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். சோறானாலும் கேழ்வரகுக் களியானாலும் மாவுப்பொருள் அங்கே உடைந்து குளுக்கோஸ் என்கிற சர்க்கரையாகிறது. பருப்பும் கறியும் வேறு சிறு துணுக்குகளாகின்றன. பிறகே இரத்தத்தில் சேருகின்றன. இன்ன சாதியான் கையால் பொங்கின சோறு செரிக்காது, இன்னார் கண் பட்டால் செரிக்காது, இன்னாரோடு பந்தியில் உட்கார்ந்தால் தோஷம் என்றெல்லாம் எழுதி வைத்தவர்கள் குடலுறிஞ்சியைக் கேட்டு எழுதவில்லை. அக்கிரகாரத்துச் சோறும் சேரிச் சோறும் அங்கே வந்து சேருகிறபோது ஒரே குளுக்கோஸ்தான். வேறு வேறு பந்தி போட்டுப் பரிமாறக் குடலுக்குத் தெரியாது.

இப்பொழுது தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு பெரிய ஆளின் குடலுக்குள் தினந்தோறும் எட்டு, ஒன்பது லிட்டர் நீர் இறங்குகிறது. அதில் நாம் குடிப்பதும் தின்பதும் சேர்ந்து சுமார் இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே சுரந்து ஊற்றுவது. ஊற்றினதையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, மலத்தோடு வெளியே விடுவது அரைக்கால் படி அளவுக்கூட வராது. பேதி என்பது என்ன? ஊற்றுவது அதிகமாகி, உறிஞ்சுவது குறைந்துபோவது. ஆகையால், வாயால் குடிக்கிற தண்ணீரை நிறுத்தினால் பேதி நிற்கும் என்பது, கிணற்றில் நீர் ஊறுவதை விட்டுவிட்டுத் தோட்டத்தில் மழை பெய்யாமல் தடுப்பதைப் போன்றது. போகிறது நின்றபாடாயிராது, வருகிறது மாத்திரம் நின்றுபோகும். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறி, இரத்தம் ஓட்டம் குறைந்து, குழந்தை சாகிறது. காலராவில் பெரிய ஆளுக்கே மணிக்கு ஒரு லிட்டர் வரை போய், காலையில் நன்றாயிருந்தவன் சாயங்காலத்திற்குள் மடிவதும் இதனாலேயேயாகும்.

பாமர மக்களை மாத்திரம் நாம் குறை சொல்லவில்லை. படித்த வைத்தியர்களும் வெகுகாலம் இதே குழியில் கிடந்தவர்கள்தாம். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காலரா கண்டவனுக்கு இரத்தத்தைக் குத்தி வடித்தார்கள். பேதியாகிறவனுக்கே பேதிக்கு மருந்தும் கொடுத்தார்கள். 1832-ல் தாமஸ் லாட்டா என்கிற ஸ்காட்லாந்து வைத்தியர், போன உப்பையும் நீரையும் திரும்பக் கொடுப்போம் என்று நாளத்தில் உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். அந்த முறை பிற்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் நிலைத்தது. ஆனால் ஊசியும் குப்பியும் சுத்தமான நீரும் தேர்ந்த ஆளும் ஏழைக் கிராமத்தில் ஏது? வாயால் கொடுத்தாலோ, வெறுந்தண்ணீரும் சரி, உப்புத் தண்ணீரும் சரி, குடலில் தங்காமல் போய்க்கொண்டேயிருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் பெரிய பங்கு உண்டு. 1953-ல் கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாலேயே காலரா நோயாளிகளுக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதினார். அதை அன்றைக்குக் கவனிப்பாரில்லை. 1959-ல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே, காலராக் கிருமி கக்குகிற ஒரு நஞ்சுதான் குடலைத் தண்ணீர் கொட்டச் செய்கிறது, குடற்சுவர் அழிந்துபோவதல்ல என்று காட்டினார். 1960-ல் ராபர்ட் கிரேன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி சர்க்கரையும் உப்பும் குடற்சுவருக்குள் கைகோத்துக்கொண்டு ஒரே வாசல் வழியாய்ப் போகின்றன என்கிற உண்மையை வெளியிட்டார். தனியே போனால் அந்த வாசல் சரிவரத் திறவாது. இரண்டும் சேர்ந்து போனால் திறக்கும். அவை போன பின்னாலேயே தண்ணீரும் போகும். முக்கியமான சங்கதி என்னவென்றால், எவ்வளவு கடுமையான பேதியிலும் இந்த வாசல் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. 1968-ல் டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் வைத்தியர்கள் இதை நோயாளிகளிடம் கணக்கோடு சோதித்து, நாளத்தில் ஏற்றவேண்டிய உப்புநீரில் பெரும் பகுதி இதனால் மிச்சமாகிறதென்று நிரூபித்தார்கள்.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இது ஆகுமா என்று பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 1971-ல் வங்காளதேச யுத்தம் வந்தது. சுமார் ஒரு கோடி ஜனங்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். போங்கான் என்கிற எல்லையூர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நாளத்தில் ஏற்றுகிற நீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலம் கட்டி வரவழைத்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் தாயும் அண்ணனும் மாமனுமே தம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் 100-க்கு 20, 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்த முறையில் பார்க்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 100-க்கு நாலு பேருக்கும் குறைவாகவே செத்தார்கள். மந்திரமில்லை, யாகமில்லை, பட்டம் பெற்ற கையுங்கூட இல்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் கரைத்தார், உறவினர் ஊட்டினார்கள்.

அதே வங்காளத்தில்தான் காலராவுக்கென்று ஓலாதேவி என்று ஒரு தெய்வம் இருக்கிறாள். இந்துக்கள் தேவி என்றும் முஸ்லிம்கள் பீபி என்றும் அழைத்துப் படையல் போட்டு வந்தார்கள். நம் பக்கத்திலும் வாந்திபேதி வந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, ஆடு வெட்டி, ஊர் எல்லையைக் கட்டியதைக் கேட்டிருக்கின்றோம். எத்தனை நூற்றாண்டு படையல் போட்டும் அந்தத் தேவி ஒரு பிடி உப்பும் ஒரு பிடி சர்க்கரையும் கலந்து கொடு என்று ஒரு பூசாரியின் கனவிலேனும் வந்து சொன்னாளா? தேவர்களும் அசுரர்களும் சேர்ந்து பாற்கடலைக் கடைந்தார்களாம், அமிர்தம் வந்ததாம், பாதிப் பேரை ஏமாற்றிவிட்டுப் பாதிப் பேருக்குப் பரிமாறினார்களாம். இந்த உப்புச் சர்க்கரை நீர் அப்படிப்பட்ட அமிர்தமல்ல. யார் வீட்டிலும் கரைக்கலாம், யாரும் குடிக்கலாம், உண்மையாகவே சாவையும் தடுக்கிறது.

பிரசாரம் என்றால் எப்படியிருக்க வேண்டுமென்பதற்கும் வங்காளதேசத்தையே உதாரணமாய்ச் சொல்லலாம். 1980 முதல் 1990 வரை பிராக் என்கிற ஸ்தாபனத்தைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாய்ப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கையாலேயே செய்யக் கற்பித்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். வீட்டுக்குப் போனதற்கு இத்தனை என்று அவர்களுக்குக் கூலி இல்லை. பின்னால் வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதைப் பார்த்துக் கூலி. மேடையேறி மூன்று மணி நேரம் பேசிவிட்டுக் கைதட்டலை எண்ணுகிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

இனி, சோற்றை நிறுத்துகிற பழக்கத்துக்கு வருவோம். வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது கேட்பதற்கு நியாயம் போலிருக்கும். ஆனால் குடல் என்பது நடந்து களைத்த மாடல்ல. குடலின் உட்தோல் மூன்று முதல் ஐந்து நாளைக்கொரு தரம் முழுதும் புதிதாகிற தோல். பேதியில் தேய்ந்துபோன குடலுறிஞ்சிகள் மறுபடி வளர்வதற்கு வேண்டிய ஆகாரத்தில் ஒரு பங்கை, தன் வழியே போகிற சாப்பாட்டிலிருந்தே அவை நேராக எடுத்துக்கொள்ளுகின்றன. பெருங்குடலின் உட்தோலும் அப்படியே. நாம் செரிக்க முடியாமல் விடுகிற நார்ப்பொருளை அங்கே குடியிருக்கிற கிருமிகள் புளிக்க வைத்துக் கொடுக்கிற அமிலந்தான் அதற்கு முக்கிய இரை. சாப்பாட்டை நிறுத்தினால் குடல் ஓய்வு பெறுவதில்லை, பட்டினி கிடக்கிறது, உறிஞ்சிகள் சுருங்குகின்றன, அடுத்த தடவை சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை, மறுபடியும் பேதி, "பார்த்தாயா, சோறு கொடுத்தாய், போகிறது" என்று மறுபடியும் பட்டினி. இந்தச் சுழலில்தான் குழந்தை எலும்பும் தோலுமாகி, அடுத்து வருகிற சிறிய காய்ச்சலுக்கும் தாங்காமல் போகின்றது.

ஆகையால் பேதியாகும்போதும் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தாய்ப்பால் தவிர வேறு உணவும் தின்னத் தொடங்கிய குழந்தைக்குக் குழைந்த சோறு, பருப்பு, இட்டிலி, தயிர், வாழைப்பழம், பழக்கமானால் முட்டை என்று சிறிது சிறிதாய் அடிக்கடி கொடுக்கவேண்டும். துத்தநாகம் என்கிற சத்து குடல்தோல் வளர்வதற்கு வேண்டியதாகையால், இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தினம் 10 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும், பேதி நின்றுவிட்டாலும் நிறுத்தாமல் 14 நாள் கொடுக்கச் சொல்லுகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையும் கரைசல் பொட்டலமும் இலவசமாகவே கிடைக்கும்.

இங்கே நம் பாட்டிமாருக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். பேதிக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடு என்றார்களே, அது சரியான யோசனையே. அரிசியின் மாவு குடலில் மெதுவாகக் குளுக்கோசாகி உப்பையும் நீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. காலராவில் அரிசி மாவுக் கரைசல் பேதியின் அளவைக் குறைக்கிறதென்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உப்பிட்ட மோரும் நல்லதே. ஆனால் அதே பாட்டிதான் வயிற்றில் சூடு போடவும், மூக்கில் எண்ணெய் விடவும் சொன்னார்! எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும். பாட்டி சொன்னது என்பதற்காக ஒன்றைக் கொள்ளவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, பேதியில் போகிற சாதாரண உப்பு அதில் கொஞ்சந்தான். ஆகையால் அது நல்ல பானமேயொழியக் கரைசலுக்குப் பதில் ஆகாது.

பழைய மூடநம்பிக்கை போதாதென்று கடைவீதியில் புதியது ஒன்றும் விற்கிறது. வண்ணப் பெட்டியில் பழச்சாறு வாசனையோடு, பேருக்கு ஓ.ஆர்.எஸ். என்று எழுதிக்கொண்டு, சர்க்கரை மிஞ்சிய பானங்களைக் குழந்தைகளுக்கு விற்றார்கள். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் அது குடற்சுவரிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு ஒன்றரை கிராம், சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்கவேண்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கணக்குக்கு ஒவ்வாத பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்தைச் சேர்க்கக் கூடாதென்று உத்தரவு போட்டது. ஒரு குழந்தை வைத்தியர் வருஷக்கணக்காய்ப் போராடியதன் பேரில் வந்த உத்தரவு அது. தொக்கக்காரருக்கும் இந்த வியாபாரிக்கும் வித்தியாசம், முன்னவர் வாயில் ஒளித்தார், பின்னவர் அட்டையில் ஒளித்தார் என்பதுதான்.

கரைசல் ஒன்றே போதும், மற்றதைப் பற்றிக் கவலையில்லை என்று சர்க்கார் கையைக் கழுவிவிடுவதற்கும் நாம் இடங்கொடுக்கவில்லை. பேதி வருவதே அசுத்தத் தண்ணீராலும், கழிப்பிடமில்லாத தெருக்களாலுந்தான். குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது, எந்தச் சேரிக்குள் போகவில்லை என்று பார்த்தால் காலராவுக்கும் சாதி தெரியும் போலத் தோன்றும். உண்மையில் அது குழாய் போட்டவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைகளின் கடும்பேதிக்கு முக்கிய காரணமான ரோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து 2016 முதல் நம் நாட்டில் படிப்படியாகச் சர்க்கார் செலவில் கொடுக்கப்பட்டு வருகிறது. அதையும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும்.

இனி, வீட்டில் செய்யவேண்டியது. பொட்டலம் இருந்தால் அதன்மேல் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீர் முழுதிலும் ஒரே தடவையாய்க் கரைக்கவேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியை ஒரு தம்ளரில் போட்டுக் கலக்குவது கெடுதி. பொட்டலம் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போட்டுக் கலக்கவேண்டும். முதலில் பெரியவர்கள் ருசி பார்த்து, கண்ணீரைவிட அதிகமாய்க் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்கவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டதற்கு 100 முதல் 200 மில்லி, கரண்டியாலோ தம்ளராலோ சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாய்க் கொடுக்கவேண்டும். ஒரு நாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்திற்குத் தினம் ஒரு வேளை அதிகமாய்ச் சாப்பாடு கொடுத்து இளைத்ததை ஈடுசெய்ய வேண்டும்.

குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டு கிடந்தாலும், கண் குழிந்தாலும், உச்சிக்குழி உள்ளே இறங்கினாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாமல் நின்றாலும், ஆறு மணி நேரமாய் மூத்திரம் போகாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் அது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. உச்சிக்குழி இறங்குவதை நோய்க்குக் காரணமென்று நினைத்து எண்ணெய் வைத்துத் தேய்க்கிறவர்கள் இங்கேயும் உண்டு. மெக்ஸிகோவில் குழந்தையைத் தலைகீழாய்த் தூக்கிப் பிடித்து உள்ளங்காலில் தட்டுகிறவர்களும் உண்டு. அது காரணமல்ல, உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதன் அடையாளம். நடு இரவானாலும், ராகு காலமானாலும் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குழந்தைக்கு விழுங்குகிற நினைவு இருக்குமானால், கரைசலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், போகிற வழியெல்லாம் கரண்டி கரண்டியாய்க் கொடுத்துக்கொண்டே போகலாம்.